சுடலையின் கழுத்துக்கு மேலே

மேற்கே மலை இருண்டால் தங்கத்தாய் அடுப்பை அணைத்துவிடுவாள். சாம்பார் பாதிக் கொதியில் இருந்தாலும் சரிதான். பால்வாடிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அவரவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்துதான் மிச்ச வேலை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் மலை இருளாத நாள் ஏது? சாரல் மாதங்களில் வேம்படித் தெருப் பிள்ளைகள் பாதி நாள் மத்தியானச் சாப்பாட்டை வீட்டில்தான் சாப்பிட்டன.

“ஏட்டி, அது வெறும் சாரலு,” என்று உமாதேவி டீச்சர் சத்தம் போடுவார். “எங்கெங்க இருந்தெல்லாமோ இதுல நனையணும்னு காரு பிடிச்சு வாராவ. நீ பிள்ளையளப் பத்திக்கிட்டு ஓடுத. மேல இருந்து ஆளு வந்து பாத்தா நான் என்னத்தச் சொல்ல?”

“இந்தா வந்துருதேன் டீச்சர். பாத்திரத்துல கை வைக்காதீங்க, நான் வந்து கழுவுதேன்,” என்பாள். ஆனால் நிற்கமாட்டாள்.

தெரு ஓடையை ஒட்டியே போகிறது. பிள்ளைகளோடு நடக்கும்போது தங்கத்தாய் எப்போதும் ஓடைப் பக்கமாக நடப்பாள். ஓடைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அவள் சேலை ஒரு வேலி மாதிரி போய்க்கொண்டிருக்கும். பால்வாடிக்குள் அவளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. உத்தரத்தில் தொட்டில் கட்ட விடமாட்டாள். கைப்பிள்ளையோடு வருகிற பெண்கள் பழஞ்சேலையை எடுத்துக்கொண்டு வந்தால், “பாய் கெடக்கு தாயி, தரையில போடு,” என்பாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நாங்கள் நரிப்பாறை ஓடையை அளக்கப் போனவர்கள். குற்றாலத்துக்கும் பண்பொழிக்கும் நடுவே மலையிலிருந்து இறங்கி, தென்னந்தோப்புகளையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து ஒரு குளத்தில் போய் விழுகிற ஓடை. வருஷத்தில் பாதி நாள் அதில் கணுக்கால் நனையாது. மலைக்குள் மேகம் மொத்தமாகக் கொட்டிவிட்டால் மட்டும், தெருவில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும். அந்த வெள்ளம் எதுவரைக்கும் ஏறக்கூடும் என்று கணக்கிட்டு வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே புதிதாக எதையும் கட்டக் கூடாது. மேலே கட்டலாம். குழுவின் பொறியாளர் வேல்விழி, சுரண்டைக்காரர். கருவியில் கண் வைத்துப் பார்ப்பது அவர். உயரமான அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பேசத் தெரியாதவனுக்கு ஏற்ற வேலை.

இந்த மாதிரிச் சின்ன ஓடைகளுக்குப் பழைய கணக்கு எதுவும் இருக்காது. சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கறை, கிளையில் சிக்கி அப்படியே காய்ந்துபோன குப்பை, இவை கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மனிதர்களின் வாயைத்தான் நம்ப வேண்டும். வேம்படித் தெருவில் கேட்டபோது எல்லோரும் ஒரே வெள்ளத்தைச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி வெள்ளம். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று வந்ததில்லை. எதுவரைக்கும் வந்தது என்று கேட்டாலும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

“சுடலைக்குக் கழுத்து மட்டும்.”

ஓடையின் மேற்குக் கரையில், தண்ணீரை ஒட்டிய மணல் தட்டில் சுடலைமாடன் நிற்கிறார். இரண்டு ஆள் உயரச் சிலை. ஓங்கிய வலக்கையில் பிடித்த அரிவாள் தலைக்கும் மேலே போகிறது. கூரை கிடையாது. வெயிலும் மழையும் நேராக அவர்மீதுதான். கொடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் நாங்கள் போன அன்று பெயிண்டர் ஒருவர் சாரத்தில் ஏறி நின்று மீசைக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தார்.

“வெள்ளம் வந்த அடையாளம் ஏதாவது சிலையில இருக்கா அண்ணாச்சி?” என்று வேல்விழி பூசாரியிடம் கேட்டார்.

பூசாரி வல்லிநாயகம் சொந்த வயலில் உழுதுவிட்டு வந்து பூசை பார்க்கிறவர். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். “வருஷா வருஷம் பெயிண்டு அடிச்சுருதோம்லா, அடையாளம் எங்க நிக்கும்? அடையாளம் எதுக்கும்மா? சாமியே சொல்லிருக்காருல்லா,” என்றார்.

கொடையில் வல்லிநாயகத்துக்குத்தான் அருள் வரும். காலில் சிலம்பும் இடுப்பில் சல்லடமும் குலுங்க, அவர் வாயால் சுடலை ஒவ்வொரு வருஷமும் கேட்பாராம்: ‘கழுத்தளவு வெள்ளத்தை நெஞ்சு குடுத்துத் தாங்குனேன். ஊருக்குள்ள விட்டேனா?’ கூட்டம் ‘விடலை சாமி’ என்று கத்தும். பெண்கள் குலவையிடுவார்கள். பிறகுதான் சாமி வேட்டைக்குக் கிளம்பும்.

“சாமி சொன்னாருன்னு நான் ரிப்போர்ட்ல எழுத முடியாதே அண்ணாச்சி,” என்றார் வேல்விழி.

“தாராளமா எழுதுங்க மேடம்,” என்று சாரத்தின் மேலிருந்து பெயிண்டர் குரல் கொடுத்தார். “பேரு சுடலை, அப்பா பேரு சிவன், முகவரி ஓடைக்கரை. கையெழுத்துக்கு அரிவாளால ஒரு கீறு வாங்கிக்கிடலாம்.”

“ஏலே, நீ வேலையைப் பாரு. மீசை ஒரு பக்கம் கோணிச்சுன்னு வையி, அந்த அரிவாளு முதல்ல ஒனக்குத்தான்,” என்றார் வல்லிநாயகம்.

அப்போது அங்கே வார்டு உறுப்பினர் குத்தாலிங்கமும் இருந்தார். எங்கள் கோட்டுக்காக அவர்தான் அதிகம் காத்திருந்தார். பால்வாடி ஒரு வாடகை அறையில் நடக்கிறது. தகரக் கூரை. வெயில் காலத்தில் பிள்ளைகள் வெந்துபோய்க் கிடக்கும். அலைந்து அலைந்து புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். தெருவுக்குள் இடம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஏறிப்போகிற மேட்டில் ஒரு காலிமனை கிடைத்தது. அது கோட்டுக்கு மேலே என்று நாங்கள் சொல்லிவிட்டால் கொடை முடிந்த கையோடு அஸ்திவாரம் தோண்டிவிடலாம்.

“அந்த மேட்டுக்குப் பக்கத்துல அப்போ யாரு குடியிருந்தாங்க?” என்று வேல்விழி கேட்டார்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “தங்கத்தாய் இருந்தா,” என்றார் குத்தாலிங்கம். “பால்வாடியில சோறு பொங்குதால்லா, அவதான். வேணும்னா கேட்டுக்கிடுங்க. அவளும் அதைத்தான் சொல்லுவா.”

அப்படித்தான் தங்கத்தாயை முதலில் பார்த்தோம். கையில் கரண்டியோடு பால்வாடி வாசலுக்கு வந்தாள். நாற்பதை நெருங்குகிற வயது. வேல்விழி கேட்டு முடிக்கும்வரை ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கழுத்துதான்,” என்றாள். “கழுத்து மட்டும்.” உள்ளே போய்விட்டாள்.

இத்தனை பேர் ஒரே மாதிரிச் சொல்வது எங்கள் வேலையில் அபூர்வம். வேல்விழிக்குத் திருப்தி. சாமியின் கழுத்தை அளவுகோலில் படித்து எழுதிக்கொண்டோம். அந்தக் கணக்குப்படி வெள்ளம் காலிமனையின் விளிம்பைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். மனைக்குள் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. குத்தாலிங்கம் எங்கள் எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார்.

மறுநாள் ஓடையின் போக்கில் கீழே இறங்கி அளந்துகொண்டே போனோம். ஆதம் பாயின் வாழைத் தோட்டத்தில் ஒரு மோட்டார் அறை இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து அதற்கு யாரும் சுண்ணாம்பு காட்டியதில்லை. உள்ளே சுவிட்ச் பெட்டிக்கு மேலே, நான்கு சுவர்களையும் சுற்றி, காப்பி டம்ளரில் டிகாஷன் விட்டுப்போனது மாதிரி ஒரு கறை.

“ஐப்பசி வெள்ளம்,” என்றார் ஆதம் பாய். “மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டு. கறையை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போச்சு.”

நான் கறையில் அளவுகோலை வைத்தேன். வேல்விழி கருவியில் பார்த்தார். இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். கருவியை வேறு இடத்துக்கு மாற்றி மறுபடியும் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து முந்தின நாள் அளவை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சாமியின் கழுத்தைவிட இந்தக் கறை உயரத்தில் இருந்தது. சாமி நிற்பது மேலே, தோட்டம் இருப்பது கீழே. இரண்டும் உண்மையென்றால் அன்றைக்குத் தண்ணீர் மலையை நோக்கி ஓடியிருக்க வேண்டும்.

“வழியில மரம் கிரம் விழுந்து தண்ணியை அடைச்சிருந்தா?” என்று அவரே கேட்டுக்கொண்டார். “அடைச்சிருந்தாலும் மேலயும் சேர்ந்துதான ஏறியிருக்கணும்.” ஆதம் பாயிடம் திரும்பினார். “பாய், இந்தக் கறை நிச்சயமா அந்த வெள்ளத்துல வந்ததுதானா?”

“சுவரு பொய் சொல்லாதும்மா. நான் வேணும்னா சொல்லுவேன்,” என்று சிரித்தார். பிறகு, “மேல எம்புட்டுன்னு சொன்னாவ?” என்றார்.

“சுடலைக்குக் கழுத்து மட்டும்.”

ஆதம் பாயின் சிரிப்பு நின்றது. “அந்தப் பிள்ளைட்ட கேட்டீங்களா? தங்கத்தாயிட்ட?”

“அவங்களும் அதேதான் சொன்னாங்க.”

அவர் வாழைக்கன்று ஒன்றின் காய்ந்த சருகைக் கிழித்தார். “அவளுமா,” என்றார். அப்புறம்தான் சொன்னார். “அவ பிள்ளையை இந்தா, இந்த வரப்புலதான் எடுத்தோம். நான்தான் தூக்குனேன்.”

பிள்ளையின் பெயர் நாச்சியார். அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். மேற்குக் கரை மேட்டில் தங்கத்தாயின் வீடு ஒன்றுதான், மண்சுவர் வீடு. கணவன் முத்துச்செல்வத்துக்குப் புனலூரில் கொத்தனார் வேலை. வெள்ளம் வந்தது சாயங்காலம். பிள்ளையை வீட்டில் தொட்டிலில் போட்டுவிட்டு, கோயில் பக்கம் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்கப் போனாள் தங்கத்தாய். விடிந்து பார்க்கும்போது வீடு இடிந்து கிடந்தது. பிள்ளை இங்கே கிடந்தது.

மழையில் ஊறிச் சுவர் விழுந்துவிட்டது என்றது தெரு. வெள்ளம் கழுத்தோடு நின்றுவிட்டதால் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்க முடியாது. புனலூரிலிருந்து ஓடிவந்த முத்துச்செல்வம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம். “வீட்டுக்குள்ள தண்ணி வரலைன்னா, பிள்ளை எப்படி ஓடைக்குப் போச்சு?” தங்கத்தாய் பதில் சொல்லவில்லை. அவள் சொல்லாத பதிலைத் தெரு தானாகவே எடுத்துக்கொண்டது. கதவைத் திறந்து போட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள். பிள்ளை தொட்டிலை விட்டு இறங்கி, அம்மாவைத் தேடித் தத்தித் தத்தி ஓடைக்கு வந்திருக்கிறது. முகத்துக்கு நேராக யாரும் இதைச் சொன்னதில்லை. முத்துச்செல்வம் சில வருஷம் கொடைக்கு மட்டும் வந்து போனான். பிறகு அதுவும் இல்லை.

“அன்னைக்கு என் மோட்டார் ரூமுல நின்ன தண்ணியப் பாத்துட்டு நான் ஊருல போயிச் சொன்னேன்,” என்றார் ஆதம் பாய். “ஒங்க தோட்டம் பள்ளம் பாய்னு சொல்லிட்டாவ. அவிய சாமி விஷயம். அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?”

நாங்கள் நேராகப் பால்வாடிக்குத் திரும்பினோம். மத்தியான நேரம். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தங்கத்தாய் கடைசிப் பானையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். மலை வெளிச்சமாக இருந்தது.

வேல்விழி தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார். “அக்கா, ஒரு சந்தேகம். எங்க கணக்கு எங்கயோ இடிக்குது. கோயிலுக்குப் பின்னாடி மேட்டுல காலிமனை இருக்குல்லா, அங்கதான் புது பால்வாடி வருது. அதனால இன்னொரு தடவை...”

“எங்கன?” என்றாள் தங்கத்தாய்.

“அந்த மேட்டுல.”

“அது எங்க மனைல்லா.”

உமாதேவி டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஒனக்குத் தெரியாதா? முத்துச்செல்வம் புனலூர்ல இருந்து எழுதிக் குடுத்துட்டான்லா. குத்தாலிங்கம் ஒங்கிட்டச் சொல்லியிருப்பாருன்னுல்லா நான் நெனச்சேன்.”

தங்கத்தாய் கையை உதறவில்லை. நுரை முழங்கையில் வழிந்து தரையில் சொட்டியது. பாயில் கிடந்த பிள்ளைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“பிள்ளையள அங்கனயா தூங்க வைப்பாவ?”

பானையை ஓரமாக வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மலை இருளாமல் அவள் பால்வாடியை விட்டுக் கிளம்பிப் போனதை உமாதேவி டீச்சர் அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்திருப்பார். நாங்களும் பின்னால் போனோம்.

கோயிலில் வல்லிநாயகமும் குத்தாலிங்கமும் பந்தலுக்குக் கால் ஊன்ற இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரத்தில் பெயிண்டர் சாமியின் கண்ணுக்கு வெள்ளை வைத்துக்கொண்டிருந்தார். தங்கத்தாய் செருப்பைத் தூரத்திலேயே விட்டாள். சாமியைக் கும்பிடவில்லை. பூசாரிக்கு எதிரே போய் நின்றாள்.

“அண்ணாச்சி, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”

“என்ன தாயி புதுசாக் கேக்குத? கழுத்து மட்டும்.”

“விடிஞ்சதும் மொதல்ல இங்க வந்தது நீங்க.”

“ஆமா.”

“வெள்ளத்தன்னைக்குக் கடைசிவரைக்கும் இங்கன இருந்தது நான்.”

வல்லிநாயகம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். சரியாகத்தான் கிடந்தது அது.

“ஆட்டை அவுக்கும்போதே வந்துட்டு,” என்றாள் தங்கத்தாய். குரல் உயரவில்லை. மத்தியானச் சமையலைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னாள். “வீட்டுக்கு ஏற விடலை. இந்த வேம்புல ஏறிட்டேன். தண்ணி சாமி நெஞ்சுக்கு வந்துச்சு. கழுத்துக்கு வந்துச்சு. அத்தோட நிக்கும்னு நெனச்சேன். நிப்பாட்டும் சாமின்னு இங்கன இருந்து கத்துனேன். வாய் போச்சு, மூக்கு போச்சு. கண்ணு என்னையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, அதுவும் போச்சு. கையி மட்டும் தெரிஞ்சுது. பிறகு அரிவாளும் போயிட்டு. அப்போ திரும்பிப் பாத்தேன். வீட்டுல விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சுட்டு.”

சாரத்தில் பிரஷ் நின்றுவிட்டது.

“ஏட்டி தங்கம்,” என்றார் குத்தாலிங்கம் பதறிப்போய். “கொடை நெருக்கத்துல என்ன பேச்சுப் பேசுத? சாமி முங்குனாருன்னு சொல்லுதியா? நாக்கு அழுகிரும்.”

“முங்கித்தான் நின்னாரு.”

“ஏ, வாயை மூடு!”

“முங்கியும் நின்ன எடத்தை விட்டு அசையலைல்லா? தலைக்கு மேல தண்ணி போயும் நின்னாரு. அதுல அவருக்கு என்ன கொறச்சல் வந்துட்டு?” அப்போதுதான் அவள் சாமியைப் பார்த்தாள். “நானும் இத்தனை வருஷமாக் கழுத்துன்னுதான் சொன்னேன். குலவையும் போட்டேன். எம்பிள்ளை தானா நடந்து போயி விழுந்துச்சுன்னு ஊரு சொன்னதையும் கேட்டுக்கிட்டேன். அவரைக் கொறச்சுச் சொல்லக் கூடாதுன்னுதான் கேட்டுக்கிட்டேன். இனி அங்கன பிள்ளையளப் படுக்கப் போடுவாவன்னா என்னால முடியாது.”

குத்தாலிங்கம் வல்லிநாயகத்தின் பக்கம் திரும்பினார். “நீரு சொல்லும்வே. சாமி வாக்கு ஒம்ம வாயில வருது. நீரு சொல்லும்.”

வல்லிநாயகம் ஓடையைப் பார்த்தார். ஓடையில் ஒரு பிளாஸ்டிக் குடம் மிதக்கிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே வெயில் கிடந்தது. இவ்வளவு ஒல்லியான ஒரு தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது நம்ப முடியாததாக இருந்தது.

பூசாரி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “ஏலே, எறங்கு,” என்று பெயிண்டரிடம் சொன்னார். பெயிண்டர் டப்பாவோடு இறங்கியதும், அந்தப் பெரிய உடம்போடு அவரே சாரத்தில் ஏறினார். மூங்கில் முனகியது. சாமியின் தோளைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, ஓங்கிய அரிவாளின் நுனியை எட்டித் தொட்டார்.

“இங்கன வாழைச்சருகு தொங்குச்சு,” என்றார். எங்கள் யாரையும் பார்க்காமல் அரிவாளிடமே சொன்னார். “கிரீடத்துல மணலு. அள்ளிப்போட்டேன். குடம் குடமாத் தண்ணி எடுத்துக் கழுவுனேன். ஊரு வந்து பாக்கும்போது சாமி அப்பிடி நிக்கக் கூடாதுன்னு பட்டுச்சு. மாலையைப் போட்டேன். மொதல்ல வந்தவன் எதுவரைக்கும்னு கேட்டான். மாலை கிடந்த எடம்தான் கண்ணுல பட்டுச்சு. கழுத்துன்னேன்.”

அரிவாள் நுனியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“ஒத்த வார்த்தைதான். அந்த வருஷக் கொடையில அதுவே வாக்கா வந்துட்டு. சாமி சொன்னாரா, நான்தான் சொன்னேனான்னு எனக்கே தெரியலை.” குனிந்து தங்கத்தாயைப் பார்த்தார். “முத்துச்செல்வம் வந்து கேட்டான்லா, அன்னைக்காவது சொல்லியிருக்கணும் தாயி. வாய் வரலை.”

தங்கத்தாய் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “எறங்கி வாங்க அண்ணாச்சி, மூங்கில் தாங்காது,” என்றாள்.

வேல்விழி கருவியை நிலைநிறுத்தினார். சாரத்தில் ஏறிப் பூசாரி காட்டிய இடத்தில் நான் அளவுகோலைப் பிடித்தேன். அந்த அளவையும் மோட்டார் அறைக் கறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார் வேல்விழி. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடியது. கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை. அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை.

“மனை கோட்டுக்குக் கீழதான் வருது அண்ணாச்சி,” என்று குத்தாலிங்கத்திடம் சொன்னார். “அங்க கட்ட முடியாது.”

குத்தாலிங்கம் தலையில் கைவைத்துப் பந்தல்காலுக்குத் தோண்டிய குழியருகே உட்கார்ந்துவிட்டார். “இனி நான் எங்க போயி எடம் தேட?” என்றவர், “ரேஷன் கடைக்குப் பின்னால கொஞ்சம் கெடக்கு. முள்ளுக்காடு. வெட்டணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “வெட்டிருவோம்.” தங்கத்தாயின் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. போகும்போது மட்டும், தூரத்தில் கிடந்த அவள் செருப்பைக் காலால் தள்ளி நிழலில் விட்டுவிட்டுப் போனார்.

கோடு மனையில் எந்த உயரத்தில் வருகிறது என்பதையும் குறிக்க வேண்டியிருந்தது. நானும் வேல்விழியும் மேடேறினோம். தங்கத்தாயும் கூடவே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மனையில் சுவர் எதுவும் மிச்சம் இல்லை. வாசல்படிக் கல் ஒன்று மட்டும் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே கிடந்தது. அவள் அந்தக் கல்லைத் தாண்டி, வாசல் வழியாகவே உள்ளே வந்தாள். இல்லாத ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு, நடுவில் ஓர் இடத்தில் போய் நின்றாள்.

“இங்கன வைங்க தம்பி.”

வைத்தேன். வேல்விழி கருவிக்குப் பின்னால் குனிந்தார். அவர் கையசைத்த பக்கம் விரலை ஏற்றினேன், இறக்கினேன், நிறுத்தினேன். ஐப்பசி வெள்ளம் அந்த வீட்டுக்குள் நின்ற உயரம் என் விரலில் இருந்தது.

தங்கத்தாய் கிட்டே வந்து பார்த்தாள். அவள் இடுப்புக்குச் சற்று மேலே வந்தது.

“இம்புட்டுத்தானா,” என்றாள்.

பிறகு வலக்கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து, எதையோ அடியிலிருந்து தாங்குவது போலக் காற்றில் நிறுத்தினாள். உத்தரத்திலிருந்து சேலையில் தொங்குகிற ஒரு பாரத்தின் அடிப்பகுதி அங்கேதான் இருந்திருக்கும். இத்தனை வருஷமும் அந்த உயரத்தை அவள் மறக்கவேயில்லை.

“பாத்துச் சொல்லுங்க தம்பி. எங்கை ஒங்க விரலுக்கு மேல இருக்கா, கீழ இருக்கா?”

பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் கைக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு முழத்துக்கும் அதிகமான வெற்றிடம் இருந்தது.

“கீழ,” என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். கை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது.

“அப்போ நடக்கலை,” என்றாள், எங்கள் இருவருக்கும் பொதுவாக. “எறங்கவே இல்லை அவ.”

ஓடைக்கு அந்தப் பக்கம் பால்வாடியில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. தங்கத்தாய் காதைக் கொடுத்துக் கேட்டாள். எந்தப் பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கல்லைத் தாண்டி வாசல் வழியாகவே வெளியே போய், மேட்டிலிருந்து விறுவிறுவென்று இறங்கினாள்.